காலுக்கு எட்டாத பிரேக்கு

தோட்டத்துப் பாட்டாளி மக்களே, இந்த வாரம் சம்பளத்தைப் பற்றி நாம் எழுதப் போவதில்லை. வீட்டு நிலத்தைப் பற்றியும் இல்லை. மோட்டார் சைக்கிளின் வலது பக்கத்தில், கால் வைக்கும் கம்பிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதே ஓர் இரும்பு மிதி, அந்தக் கால் பிரேக்கைப் பற்றித்தான் எழுதப் போகிறோம். "ஏண்ணே, எழுதுறதுக்கு வேற விஷயமே கிடைக்கலியா?" என்று கிளைச் செயலாளர் ஒருவர் கேட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும். அவருடைய மோட்டாரையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம்.

போன மழைக்காலத்தில் குளுவாங் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குக் கிளைக் கூட்டத்திற்காகப் போயிருந்தோம். கூட்டம் ஆறு மணிக்கு. ஐந்தரைக்கே செய்தி வந்துவிட்டது. குலை வெட்டும் தோழர் ஒருவர் மேட்டு நெம்பரிலிருந்து இறங்கி வந்தவர், செம்மண் ரோடு பெரிய ரோட்டைத் தொடுகிற இடத்தில் நிற்க முடியாமல் நேரே போய், கடந்து கொண்டிருந்த ஒரு லாரியின் பின் சக்கரத்தில் மோதிவிட்டார். உயிர் பிழைத்தது பெரிய காரியம். வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்துவிட்டது. இனி அவர் நீண்ட கழியைத் தூக்கிக் கொண்டு மேடு ஏறுவாரா என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

ஆபீசில் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "குடிச்சிருந்தானா?" அடுத்த கேள்வி, "வேகமா வந்தானா?" அவர் குடிக்கிறவர் அல்லர். சகதி ரோட்டில், தோளில் கழியை வைத்துக் கொண்டு எவன் வேகமாக வருவான்? மோட்டாருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவராவது கேட்கவில்லை. ஆகவே நாமே போய்ப் பார்த்தோம். கூடவே, தாமானில் பட்டறை வைத்திருக்கும் நம் பையன் ஒருவனையும் அழைத்துப் போனோம்.

பிரேக்குக் கட்டை தேய்ந்திருக்கவில்லை. கம்பி அறுந்திருக்கவில்லை. நட்டும் இருந்தது. பிறகு என்ன? விபத்துக்கு இரண்டு நாளைக்கு முன் ரோட்டோரப் பட்டறையில் செயினை இறுக்கியிருக்கிறார்கள். செயினை இறுக்கினால் பின் சக்கரம் கொஞ்சம் பின்னால் போகும். சக்கரம் பின்னால் போனால் பிரேக்குக் கம்பி தன்னால் இழுபடும். அதனால் பிரேக்கு பிடித்தபடியே இருக்கும். வண்டி இழுக்கவில்லை என்று மகன் போய்ச் சொல்ல, பட்டறைக்காரர் அவசரத்தில் பின்னாலுள்ள நட்டைச் சர்ரென்று பல சுற்று அவிழ்த்துவிட்டார். இப்போது மிதி வெகு ஆழம் இறங்கினால்தான் பிரேக்கு பிடிக்கும் என்ற நிலை. மகன் செனாய் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். செருப்புப் போட்டு ஓட்டுகிறவன். பாதத்தை வளைத்து, விரலால் அமுக்கி அவன் சமாளித்துவிட்டான். அவனுக்குக் குறையே தெரியவில்லை. அப்பனோ தீம்பாருக்குப் போகிறவர். கணுக்காலுக்கு மேல் வரும் கெட்டி ரப்பர் சப்பாத்து. அதில் கணுக்கால் எங்கே மடியும்? குதிகால் கம்பியில் நிற்க, முன்பாதம் எவ்வளவு இறங்குமோ அவ்வளவுதான் இறங்கும். அது அரை பிரேக்கு. சமதரையில் அரை பிரேக்கு போதும். ஈரச் செம்மண் இறக்கத்தில் போதாது.

ஒரே மோட்டார், ஒரே வீடு, இரண்டு கால். விபத்துக்கு வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

நம் தகப்பனாரை நினைத்துக் கொண்டோம். றெங்கம் பக்கத்தில் பால்மரம் வெட்டியவர். ஹொண்டா சி70 வைத்திருந்தார். பின்னால் இரண்டு பக்கமும் பால் தோம்பு கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்து வாசலில் மோட்டாரை இரட்டைக்கால் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, வேலைச் சப்பாத்தை மாட்டிக் கொண்டு உட்காருவார். ஏன் லீவு நாளில் சப்பாத்து என்று கேட்டதற்கு, "செருப்போட பிரேக்கு பாக்குறவன் செருப்போடதான் வேலைக்குப் போவணும்" என்றார். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை நாம் படித்த பாடங்களில் பாதி மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

இந்தக் கப்சாய் மோட்டார் நம்மிடம் வந்த கதையும் சொல்லத்தக்கது. 1958ல் ஜப்பானில் ஹொண்டா கம்பெனி சூப்பர் கப் என்ற சிறிய மோட்டாரை வெளியிட்டது. அதே 1958ல் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ ஹொண்டா மோட்டாரை மலாயாவுக்குக் கொண்டுவரத் தொடங்கினார். ஜப்பானில் நூடுல்ஸ் கடைப் பையன்கள் ஒரு கையில் தட்டை ஏந்திக் கொண்டு ஓட்ட வேண்டும் என்பதற்காகத்தான் அதற்கு இடது கைக் கிளட்ச் இல்லாமல் செய்தார்கள் என்பார்கள். நூடுல்ஸ் தட்டு இங்கே வந்து செம்பனைக் கழியாக மாறிவிட்டது. இடது கை கழியைப் பிடித்துக் கொள்ளும். வலது கை எண்ணெய் முறுக்கும். நிறுத்துகிற வேலை முழுவதும் வலது காலுக்கு. 2017ல் அந்த வகை மோட்டார் உலகம் முழுவதும் 10 கோடி எண்ணிக்கையைத் தாண்டியது. நம் நாட்டிலும் இஎக்ஸ்5 வந்தது, 1996ல் கெடா குருணில் மோடெனாஸ் கிரிஸ் வந்தது. ஆனாலும் பின் சக்கரத்தில் கம்பி இழுத்துப் பிடிக்கிற அந்தப் பழைய டிரம் பிரேக்கு இன்னும் நம் வீட்டு வாசலில் நிற்கிற பெரும்பாலான மோட்டாரில் இருக்கிறது.

அந்தக் காலத்துக் கிராணிமார் சிலர் பிஎஸ்ஏ, நார்ட்டன் போன்ற இங்கிலீஷ் மோட்டார் வைத்திருந்தார்கள். அவற்றில் பிரேக்கு இடது கால், கியர் வலது கால். ஜப்பான் மோட்டாருக்கு மாறியபோது நிறுத்தப் போய் கியரை மிதித்தவர்கள் உண்டு. கால் பழகியதைத்தான் செய்யும். மூளை பிறகுதான் வரும். பிரேக்கு மிதியின் உயரம் தினம் ஒரு மாதிரி இருந்தால் கால் எதைப் பழகும்?

சரி, செய்முறைக்கு வருவோம். பட்டறைக்காரர் செய்யட்டும் என்று விட்டுவிடாதீர்கள். டிரம் பிரேக்கு என்றால் இது கால் மணி நேர வேலை.

முதலில் இரண்டு விஷயத்தைக் குழப்பிக் கொள்ளக் கூடாது. மிதி சும்மா நிற்கிற உயரம் ஒன்று. அமுக்கும்போது பிரேக்கு பிடிக்கத் தொடங்குகிற உயரம் இன்னொன்று. சில மோட்டாரில் மிதி நிற்கிற உயரத்தை ஏற்ற இறக்க, மிதியின் அடியில் ஒரு தடுப்பு போல்ட்டும் அதைப் பூட்டும் நட்டும் இருக்கும். கப்சாயில் பெரும்பாலும் அது கிடையாது. மிதி ஒரே இடத்தில்தான் நிற்கும். ஆனால் வலது பக்கம் ஒருமுறை விழுந்த மோட்டாரில் கால் வைக்கும் கம்பி மேலே வளைந்திருக்கும், அல்லது மிதியே வளைந்திருக்கும். கம்பி மேலே வளைந்தால் உங்கள் கால் உயரும். மிதி தாழ்ந்துபோனது போலாகும். இதை நட்டைத் திருகிச் சரி செய்ய முடியாது. கம்பியை நேராக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். மழையில் செம்மண்ணில் விழாத மோட்டார் நம் தோட்டத்தில் எத்தனை இருக்கிறது? ஆகவே இதை முதலில் பாருங்கள்.

தடுப்பு போல்ட்டு உள்ள வண்டியானால் உயரத்தை முதலில் வைக்க வேண்டும். சப்பாத்தோடு உட்கார்ந்து காலைக் கம்பியில் வைத்தால், முன்பாதத்துக்குச் சற்றுக் கீழே மிதி இருக்க வேண்டும். மேலே இருந்தால் பிரேக்கு பிடிக்க முழுக் காலையும் தூக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் வண்டி எத்தனையோ அடி போய்விடும். அதைவிட மோசம், தூக்கச் சோம்பல்பட்டுக் காலை மிதி மேலேயே வைத்துக் கொள்வார்கள். பிரேக்கு தேய்ந்து சூடாகிக் கொண்டே வரும். பின் விளக்கும் எரிந்தபடியே இருக்கும். பின்னால் வருகிற லாரிக்காரருக்கு நீங்கள் எப்போது நிற்கிறீர்கள் என்றே தெரியாது.

அடுத்தது, மிதியின் சும்மா ஆட்டம். கையால் அமுக்கிப் பாருங்கள். மிதி 20 முதல் 30 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஓர் அங்குலம் இறங்கிய பின் பிரேக்கு பிடிக்கத் தொடங்க வேண்டும். ஹொண்டா கப்சாய்க்குக் கம்பெனி சொல்கிற கணக்கு இதுதான். அதற்கு மேல் இறங்கினால், பின் சக்கரத்தின் வலது பக்கம் பிரேக்குக் கம்பியின் நுனியில் உள்ள நட்டைப் பின்னாலிருந்து பார்க்கும்போது வலம் சுற்றாக முறுக்க வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் இடம் சுற்றாக அவிழ்க்க வேண்டும். அந்த நட்டின் முகத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அது பிரேக்குக் கையிலுள்ள உருளை முளையில் சரியாக உட்கார வேண்டும். ஆகவே அரைச் சுற்று, அரைச் சுற்றாகத்தான் திருக வேண்டும். பள்ளம் உட்காராமல் நின்றால் ரோட்டில் குலுங்கும்போது தானாக உட்கார்ந்து, நீங்கள் வைத்த அளவு மாறிவிடும்.

பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உரசாமல் சுற்ற வேண்டும். அதற்குப் பின் ஓர் ஆளை உட்கார வைத்து, வேலைக்குக் கொண்டுபோகிற பாரத்தையும் ஏற்றி இன்னொரு முறை மிதித்துப் பாருங்கள். பாரத்தில் பின்பக்கம் அமுங்கும்போது கம்பியின் இழுப்பும் சிறிது மாறும். பால் தோம்பு நிறைய ஏற்றுகிறவர்களுக்கு இது முக்கியம்.

கடைசியாகப் பின் விளக்கின் ஸ்விட்சு. பிரேக்கு பிடிப்பதற்குச் சற்று முன்பே விளக்கு எரிய வேண்டும். ஸ்விட்சின் உடம்பை ஒரு கையால் பிடித்துக் கொண்டு அதன் நட்டை மட்டும் திருப்புங்கள். உடம்பைத் திருப்பினால் வயர் முறுக்கிக் கொள்ளும். உயரம், ஆட்டம், விளக்கு என்ற இந்த வரிசையை மாற்றாதீர்கள். உயரத்தைத் தொட்டால் மற்ற இரண்டும் கலைந்து போகும். செயினைத் தொட்டாலும் அப்படியே. செயின் இறுக்கியவுடன் பிரேக்கைப் பார்க்காமல் எந்தப் பட்டறையிலிருந்தும் வண்டியை எடுக்காதீர்கள்.

ஒரு கெட்ட பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். நட்டு முழுக்க முறுக்கியும் பிரேக்கு பிடிக்கவில்லையென்றால், சிலர் பிரேக்குக் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுகிறார்கள். "கட்டை வாங்குற காசு மிச்சம்" என்கிறார்கள். பிரேக்குக் கையின் அச்சில் ஒரு அம்புக்குறி இருக்கிறது. மிதியை முழுக்க அமுக்கும்போது அது தகட்டிலுள்ள அடையாளத்தைத் தொட்டால் கட்டை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பல் தள்ளி மாட்டினால் அந்தக் குறிக்கு அர்த்தம் கெட்டுவிடுகிறது. உள்ளே கட்டை மெலிந்து மெலிந்து, ஒருநாள் விரிகிற முளையே புரண்டு பிரேக்கு அப்படியே கவ்விக் கொள்ளலாம். ஒரு செட்டுக் கட்டையின் விலை ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டாது. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பின் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கு உள்ள புது மோட்டார் வைத்திருக்கும் இளைஞர்கள் மேலே சொன்னதைப் பார்த்து ஸ்பானாவைத் தூக்க வேண்டாம். அதில் மிதிக்கும் எண்ணெய் உருளைக்கும் நடுவே உள்ள தள்ளு கம்பியின் நீளத்தால்தான் உயரம் மாறுகிறது. அங்கே சிறு இடைவெளியும் இல்லாமல் இறுக்கினால் எண்ணெய் திரும்பாது. சூடேறச் சூடேறப் பிரேக்கு தானே பிடித்துக் கொள்ளும். நல்ல பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

முன் பிரேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. "செம்மண்ணுல முன் பிரேக்கு புடிச்சா கவுத்துடும்ணே" என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஈரச் செம்மண்ணில் வெடுக்கென்று பிடித்தால் உண்மைதான். ஆனால் தார் ரோட்டில் வண்டியை நிறுத்துகிற பலத்தில் பெரும்பகுதி முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. அதைத் தொடவே கூடாது என்று பழகிவிட்டால், பெரிய ரோட்டிலும் ஒரு காலை நம்பித்தான் ஓட வேண்டும்.

இவ்வளவும் தொழிலாளி செய்ய வேண்டியது. இனி நாம் கேட்க வேண்டியது.

முன்பெல்லாம் தூர நெம்பருக்கு ஆட்களை லாரியிலும் டிராக்டரிலும் ஏற்றிப் போனார்கள். அது பாதுகாப்பான பயணம் என்று சொல்ல மாட்டோம்; அதிலும் விழுந்து செத்தவர்கள் உண்டு. ஆனாலும் அந்த வண்டி தோட்டத்து வண்டி, அதன் பிரேக்கு தோட்டத்துப் பொறுப்பு. இன்று பல தோட்டங்களில் பெரட்டு முடிந்ததும் தொழிலாளி தன் சொந்த மோட்டாரில் நெம்பருக்குப் போகிறார். மோட்டார் அவருடையது, எண்ணெய் அவருடையது, டயர் அவருடையது. அரிவாளையும் கழியையும் ஸ்டோரில் கொடுக்கிறார்கள். அந்த அரிவாளை மரத்தடிக்குக் கொண்டு சேர்க்கிற மோட்டார் மட்டும் வேலைச் சாமான் இல்லையாம்!

வியாபார லாரிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். சொந்த மோட்டார் சைக்கிளுக்கு அப்படி ஒரு தவணைப் பரிசோதனையே கிடையாது. 2019ல் இந்த நாட்டின் சாலைகளில் 6,167 பேர் இறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் இப்படி இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். 1973லேயே தலைக்கவசச் சட்டம் வந்துவிட்டது. தலைக்குச் சட்டம் உண்டு. காலுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆளில்லை.

"மோட்டார் அவனவன் சொந்தம், அதுக்கு நாங்க என்ன செய்யிறது?" என்று நிர்வாகிகள் கேட்கிறார்கள். நம் சங்கத்துக்காரர்களில் சிலரும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள் என்பதுதான் வருத்தம். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதியும் உட்காருகிறார். அந்தக் குழுவின் கூட்டத்தில் இதுவரை மருந்தடிக்கும் முகமூடி பற்றிப் பேசியிருக்கிறோம், பாம்புக்கடி பற்றிப் பேசியிருக்கிறோம். நெம்பருக்கும் பெரட்டுக்களத்துக்கும் நடுவே ஓடுகிற மோட்டாரைப் பற்றி நாம் அறிந்தவரை எவரும் வாய் திறக்கவில்லை. குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு. நாமும் அந்த நாற்காலியில் சில வருஷம் உட்கார்ந்தவர்தாம்.

நாம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மாதத்தில் ஒருநாள், வேலை நேரத்தில் ஒரு மணி நேரம், தோட்டத்துப் பட்டறையைத் திறந்துவிடட்டும். டிராக்டர் பழுது பார்க்கிற மெக்கானிக் நிற்கட்டும். பிரேக்குக் கட்டையும் கம்பியும் வாங்கிய விலைக்கே ஸ்டோரில் கிடைக்கட்டும். செம்மண் ரோடு பெரிய ரோட்டில் சேருகிற இடத்தில் இருபது அடியாவது சமதரையாக வெட்டி, தடுப்பு மேடு ஒன்று போடட்டும். ஒரு மாத மருத்துவ விடுப்பில் போகும் குலை வெட்டு ஆளுக்குப் பதில் ஆள் தேடுகிற செலவைக் கணக்குப் பார்த்தால், இது நிர்வாகத்துக்கும் நஷ்டம் இல்லை.

விபத்து நடந்துவிட்டாலோ, சொக்சோ இருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகிற வழியில் நடக்கிற விபத்தும் அதில் சேரும். 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். நான்கு நாளும் அதற்கு மேலும் மருத்துவ விடுப்பு கிடைத்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். நம் பக்கத்து லயத்து இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளத் தோழருக்கும் இதைச் சொல்லிவையுங்கள், அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். போலீஸ் ரிப்போர்ட் செய்யத் தாமதிக்காதீர்கள். வழியில் வேறு பக்கம் திரும்பிப் போயிருந்தால் கேள்வி எழும். ஆகவே எந்த வழியாக எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள்.

குளுவாங் பக்கத்துத் தோழருக்கு இந்தப் பாரம் எல்லாம் எழுதிக் கொடுத்தோம். பணம் வரத் தொடங்கியது. ஆனால் 80 விழுக்காட்டில் வீடு ஓடுமா? அவர் மனைவி உதிரிப் பழம் பொறுக்கப் போகிறவர். இதுவரை கணவரின் பின்னால் உட்கார்ந்து போனவர், இப்போது அதே மோட்டாரைத் தானே ஓட்டிக் கொண்டு போக வேண்டும். லைசென்சு முன்பே எடுத்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. வளைந்த கம்பியை மாற்றிக் கொண்டுவந்த அன்று நாமும் பட்டறைப் பையனும் போயிருந்தோம். மகன் செருப்போடு ஏறி உட்கார்ந்து, "சரியா இருக்குண்ணே" என்றான். அவனை இறக்கிவிட்டு, அந்த அம்மாவை வேலைச் சப்பாத்து மாட்டிக் கொண்டு வரச் சொன்னோம். சின்னக் கால். மிதித்துப் பார்த்தார்.

"இன்னும் எட்டலண்ணே."

பையன் நட்டை அரைச் சுற்று முறுக்கினான். மறுபடி மிதித்தார். இன்னும் ஓர் அரைச் சுற்று. திண்ணையில் கட்டுப் போட்ட காலை நீட்டிக் கொண்டு உட்கார்ந்திருந்த கணவர், "சக்கரம் உரசுதான்னு பாரு தம்பி" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். சுற்றிப் பார்த்தோம். உரசவில்லை.